அயல்நாட்டுப் பிரயாணமும் நாணய வட்டமும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இவ்வருஷம் நம்மவரிற் பலர் தைப்பூசத்தை உத்தேசித்துச் சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் புறப்பட இருக்கின்றனர். வேறு பலர் அங்கே உத்தியோகத்திலிருக்கும் மக்களையும் பேரக் குழந்தைகளையும் பார்த்து வரச் செல்கின்றனர். விமானச் சீட்டில் ஐந்நூறு ரூபாய் குறையுமா என்று ஒரு மாதம் விசாரிக்கின்ற நாம், கையிற் கொண்டுபோகும் பணத்தை மாற்றுமிடத்தில் அரை நாழிகையேனும் விசாரிப்பதில்லை. அவ்வாறு விசாரியாமையால் இழப்பது அந்த ஐந்நூற்றினும் பன்மடங்கு மிகுதி. மாற்று விலையை அறிந்தே வயிறு வளர்த்த ஒரு வகுப்பார் இந்த விஷயத்தில் அயர்ந்திருத்தல் தகுமா என்பது பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றோம்.

ஒரு நாணயத்தைக் கொடுத்து மற்றொரு நாணயத்தைப் பெறுங்கால் மாற்றுவோன் பிடித்துக்கொள்ளும் தொகையை நம் முன்னோர் வட்டம் என்றும் வாசி என்றும் வழங்கினர். வாசி என்னும் சொல்லின் பழமையை அறிய வேண்டுமாயின் திருவீழிமிழலைக்குச் செல்லல் வேண்டும். பஞ்ச காலத்தில் அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு அருளினான் என்பதும், அப்பர் பெற்ற காசைக் கடைவீதியார் குறைவின்றி ஏற்க, சம்பந்தர் பெற்ற காசுக்கு வாசி கேட்டமையால் அவர் மடத்தில் அமுது சமைக்கத் தாமதமாயிற்று என்பதும், பிள்ளையார் பாடிய பின் அவ்வாசி தீர்ந்தது என்பதும் நாம் யாவரும் கேட்ட வரலாறே. பக்தியின் பெருமை ஒருபுறமிருக்க, அவ்வரலாற்றில் வணிகர் கவனிக்க வேண்டியதொன்றுண்டு. இரண்டு மடங்களிலும் அடியார் பசித்திருந்தனர். இரண்டுக்கும் காசு வந்தது. ஆயினும் ஒரு மடத்தில் மட்டும் ஏன் தாமதம் என்று பிள்ளையார் விசாரித்தார். விசாரித்தபின்னரே வாசி வெளிப்பட்டது. இக்காலத்து வாசியோ விசாரிப்பவர் கண்ணுக்கும் எளிதிற் புலப்படுவதில்லை. விலைக்குள்ளேயே புதைந்து கிடக்கின்றது.

"கமிஷன் இல்லை, கட்டணம் இல்லை" என்று பல மாற்றுக் கடைகளில் பலகை தொங்குகின்றது. அது பொய்யென்று யாம் கூறவில்லை. கமிஷன் என்ற பெயரில் அவர் ஒன்றும் வாங்குவதில்லை. விற்கும் விலையை ஏற்றியும் வாங்கும் விலையை இறக்கியும் வைத்து இரண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாட்டை எடுத்துக்கொள்கின்றார். கடை வாடகையும் ஆட்சம்பளமும் அவருக்கும் உண்டாதலால் அவ்வாறு எடுப்பது நியாயமே. எவ்வளவு எடுக்கின்றார் என்பதொன்றே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

அதனை அளக்க ஓர் அளவுகோல் வேண்டும். பெரிய வங்கிகள் தம்முள் ஒன்றோடொன்று வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் நிற்கும் விலையை நடுவிலை என்க. இது இன்று கைப்பேசியில் எவரும் ஒரு நொடியிற் காணக்கூடியது. இரங்கூனில் லேவாதேவி செய்த நம்மவர் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்தனர் என்பது இங்குள்ள பெரியோர் அறிந்ததே. அது கடனுக்குரிய வட்டியேயன்றி நாணயமாற்று விலையன்று. ஆயினும் நடப்பு இன்னதென்று யாவரும் அறிந்திருந்தமையால், தாம் செய்யும் பேரம் அதற்கு எவ்வளவு மேலே அல்லது கீழே என்பது ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. நடுவிலையும் பிரயாணிக்கு அவ்வாறே பயன்படும். அந்த விலைக்கு எவரும் நமக்குத் தரப்போவதில்லை. அதிலிருந்து எவ்வளவு விலகினர் என்று அளக்கவே அது.

ஓர் உதாரணம் கூறுவோம். கணக்குக்காகச் சிங்கப்பூர் வெள்ளி ஒன்றுக்கு நடுவிலை 65 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நகரத்துக் கடையொன்று 66 ரூபாய் 30 காசுக்கு வெள்ளியை விற்கின்றது. வட்டம் நூற்றுக்கு 2. விமான நிலையத்துக் கவுண்டரில் அதே வெள்ளி 70 ரூபாய் 20 காசு. வட்டம் நூற்றுக்கு 8. ஆயிரம் வெள்ளி வாங்குபவர் முன்னதில் 66,300 ரூபாயும் பின்னதில் 70,200 ரூபாயும் கொடுக்கின்றார். 3,900 ரூபாய் எங்கே போயிற்று? ரசீதில் எவ்விடத்திலும் அது எழுதப்பட்டிராது. இனி, முந்நூறு வெள்ளி செலவாகாமல் மீந்து, அதனைத் திரும்பவும் விமான நிலையத்திலேயே 59 ரூபாய் 80 காசுக்கு விற்றாரென்றால், அந்த முந்நூறு வெள்ளியிற் போக்குவரத்து நஷ்டம் மட்டும் 3,120 ரூபாய். நகரத்துக் கடையில் 66.30-க்கு வாங்கி 63.70-க்கு விற்றிருப்பாராயின் அது 780 ரூபாயோடு நின்றிருக்கும். விலைகள் நாளுக்கு நாள் மாறும். கணக்கின் முறை மாறாது.

ஆகவே கடையிற் சென்று "இன்றைய விலை என்ன?" என்று கேட்பதைக் காட்டிலும், "எல்லாக் கட்டணமும் வரியும் போக, இத்தனை ரூபாய்க்கு என் கையில் எத்தனை வெள்ளி வரும்?" என்று கேட்பதே சரியான கேள்வி. இரண்டு மூன்று கடைகளில் இதே கேள்வியைக் கேட்டால் வேறுபாடு தானே வெளிப்படும். பாரிமுனையிலும் தியாகராய நகரிலும் அடுத்தடுத்த கடைகளில் விலை வேறுபடுதலைக் காணலாம். பெருந்தொகையாயின் சற்றுக் குறைத்துக் கேட்பதிலும் குற்றமில்லை. கேட்டவர்க்குக் குறைப்பதும் உண்டு. இந்தியாவில் நாணய மாற்றுக்குச் சரக்கு சேவை வரியும் உண்டு. இலட்சம் ரூபாய் வரையில் அது நூறு ரூபாய்க்கு 18 காசு வீதம் ஆகும். குறைந்தது 45 ரூபாய். சிறுகச் சிறுகப் பலமுறை மாற்றுவோர் இந்தக் குறைந்தபட்ச வரியை ஒவ்வொரு முறையும் செலுத்துகின்றனர்.

பலகையில் இரண்டு வரிசை எழுதியிருக்கும். ஒன்று வாங்கும் விலை, மற்றொன்று விற்கும் விலை. வாங்குவதும் விற்பதும் கடைக்காரர் செய்வன என்பதை மறவாதிருத்தல் வேண்டும். நாம் வெள்ளி வாங்கும்போது அவர் விற்கின்றார். ஆதலால் நமக்குரியது அவருடைய விற்கும் விலை. இதனைத் தலைகீழாக எண்ணிக்கொண்டு "பலகையில் ஒன்று, கையில் ஒன்று" என்று சண்டை பிடிப்பவரைப் பார்த்திருக்கின்றோம்.

வெள்ளி என்ற சொல்லிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சிங்கப்பூர் டாலரையும் மலேசிய ரிங்கிட்டையும் அங்குள்ள தமிழர் வெள்ளி என்றே வழங்குகின்றனர். 1973-ஆம் வருஷம் வரையில் இரண்டும் சரிக்குச் சரியாக மாறின. ஆதலால் ஒரே பெயரால் இடையூறில்லை. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று மலேசிய வெள்ளிக்கு மேலும் கிடைக்கும். ஜொகூர்ப் பாலத்தைக் கடக்கும் முதியோர் எந்த வெள்ளி என்று கேட்டுத் தெளிந்தபின் பணத்தை நீட்டுக. இதற்கு மாறாக, புருனை நாட்டு வெள்ளி 1967-ஆம் வருஷத்து உடன்படிக்கையின்படி இன்றும் சிங்கப்பூர் வெள்ளிக்குச் சமமாகவே செல்லும். புருனை நோட்டுக் கையில் வந்தால் மாற்றுக் கடைக்குப் போய் வட்டம் கொடுக்க வேண்டுவதில்லை.

எங்கே மாற்றுவது என்னும் கேள்விக்கு வருவோம். எந்த நாணயம் எவ்விடத்தில் மிகுதியாகக் கைமாறுகின்றதோ அவ்விடத்தில் அதற்கு வட்டம் குறைவு. சிங்கப்பூரில் சேஞ்சு ஆலி என்னும் குறுகிய சந்து நாணயமாற்றுக்குப் பெயர்பெற்றிருந்தது. இந்திய மாற்றுக்காரர் பலர் அங்கே தொழில் செய்தனர். 1989-ஆம் வருஷத்தில் அந்தப் பழைய சந்து மூடப்பட்டது. இன்று சிராங்கூன் சாலையிலும் அதனை ஒட்டிய தெருக்களிலும் ரூபாய் நாள்தோறும் புழங்குகின்றமையால், அங்குள்ள அனுமதி பெற்ற கடைகளில் ரூபாயைக் கொடுத்து வெள்ளி பெறுவது விமான நிலையத்திற் பெறுவதைக் காட்டிலும் பெரும்பாலும் நயமாயிருக்கும். ஆனால் இந்தியாவில் வசிப்போர் வெளியே கொண்டுசெல்லக்கூடிய இந்திய நோட்டு ஒருவருக்கு 25,000 ரூபாய்தான். அதற்கு மேற்பட்ட தேவைக்கு இங்கேயே அங்கீகாரம் பெற்ற கடையிலோ வங்கியிலோ வெள்ளியாக வாங்கிக்கொள்ளல் வேண்டும். பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பிரயாணத்தில் 3,000 அமெரிக்க டாலர் பெறுமானம் வரையிலேயே அயல் நோட்டாக எடுத்துச் செல்லலாம். எஞ்சியதைப் பிரயாண அட்டையிலோ வேறு முறையிலோ கொண்டுசெல்லலாம்.

சிலர் "டாலர்தான் எங்கும் செல்லும்" என்று சென்னையில் அமெரிக்க டாலரை வாங்கிச் சிங்கப்பூரில் அதனை வெள்ளியாக மாற்றுகின்றனர். இஃது இரண்டு வாயில்களில் இரண்டு சுங்கம் கட்டுதலை ஒக்கும். ரூபாயிலிருந்து டாலருக்கு ஒரு வட்டம். டாலரிலிருந்து வெள்ளிக்கு மற்றொன்று. இடையில் ஒரு நாணயத்தைப் புகுத்துதல், போகின்ற நாட்டின் நாணயம் இங்கே கிடையாதபோதும், அந்நாட்டு நாணயத்தின் மதிப்பு நிலையற்றிருக்கும்போதுமே தகும். 2022-ஆம் வருஷத்தில் இலங்கை ரூபாய் சில வாரங்களுக்குள் டாலருக்கு 200 என்ற நிலையிலிருந்து 350-க்கும் மேலாக வீழ்ந்தது. அத்தகைய காலத்தில் முன்கூட்டியே முழுத்தொகையையும் உள்ளூர் நாணயமாக மாற்றி வைத்தவர் நஷ்டப்பட்டனர். பர்மாவுக்குச் செல்வோர் டாலர் கொண்டுபோவதாயின் மடிப்பும் கறையும் இல்லாத புது நோட்டாகக் கொண்டுசெல்லல் நலம். மடிந்த நோட்டை அங்கே தள்ளிவிடுவர், அல்லது குறைத்து மதிப்பர்.

விலை ஏறுமா இறங்குமா என்று நாள் பார்த்துக் காத்திருப்பவர்க்கு ஒன்று சொல்வோம். வெள்ளிக்கும் ரூபாய்க்கும் இடையே ஒரு நாளில் நிகழும் ஏற்றத்தாழ்வு சாதாரணமாக நூற்றுக்கு ஒன்றினும் குறைவு. கடைக்கும் கடைக்கும் உள்ள வேறுபாடு அதனினும் மிகுதி. ஆதலால் நாளைத் தேடுவதைவிடக் கடையைத் தேடுதல் நன்று. சந்தை மூடியிருக்கும் சனி ஞாயிறுகளில் விலையிற் சிறிது பாதுகாப்பு வைத்து விற்பர் என்பதை மட்டும் கவனித்தாற் போதும்.

அட்டைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் வங்கிகளின் கடன் அட்டையை அயல்நாட்டில் உபயோகித்தால் நூற்றுக்கு மூன்றரை வரையில் கூடுதற் கட்டணம் பிடிப்பதுண்டு. அக்கட்டணத்தின்மேல் நூற்றுக்கு 18 வரி. இரண்டும் சேர்ந்து நூறு ரூபாய்க்கு 4 ரூபாய் 13 காசு. கூடுதற் கட்டணம் சிறிதும் இல்லாத அட்டைகளும் உள்ளன. புறப்படுமுன் வங்கியிற் கேட்டறிக. இயந்திரத்தில் ரொக்கம் எடுப்பதாயின் ஒவ்வொரு முறைக்கும் தனிக் கட்டணம் இருத்தலால், ஐம்பது ஐம்பதாகப் பலமுறை எடுத்தல் வீண்.

இதில் ஒரு கண்ணி உண்டு. கடையில் அட்டையை வைத்தவுடன் இயந்திரம், "வெள்ளியிற் செலுத்துவதா, ரூபாயிற் செலுத்துவதா?" என்று கேட்கும். நம் ஊர்க் கணக்கு நமக்கு விளங்குமே என்று ரூபாயை அழுத்துவோரே பலர். அப்பொழுது மாற்று விலையை நிர்ணயிப்பது நம் வங்கியன்று. அந்தக் கடைக்காரர் பக்கத்து நிறுவனம். அவ்விலை பெரும்பாலும் நமக்குப் பாதகமானது. அன்றியும் சில வங்கிகள் அதன்மேலும் தம் கட்டணத்தை வாங்கிவிடும். எந்த நாட்டில் நிற்கின்றோமோ அந்நாட்டு நாணயத்தையே அழுத்துக. கடைச்சிப்பந்தி நம்மைக் கேளாமலே ரூபாயை அழுத்திவிட்டால் அதனை ரத்து செய்து மறுபடி போடச் சொல்லும் உரிமை நமக்குண்டு. தேர்வு அட்டைக்குரியவருடையது என்பது அட்டை நிறுவனங்களின் விதி.

இனி, சொல்லுவதற்குச் சிறிது கூச்சமான ஒரு விஷயம். "உண்டியல் வழியாய்ப் போனால் வட்டமே இல்லை, அங்கே நம் ஆள் ஒருவர் வெள்ளி கொடுப்பார், இங்கே ரூபாய் கொடுத்துவிடலாம்" என்று நம்மிடையேயே காதோடு காதாகச் சொல்வார் உளர். ஒரு காலத்தில் உண்டியல் என்பது நம் குலத்தின் கௌரவம். ஒரு துண்டுத் தாள். அதில் நம்மவர் கையெழுத்து. கடல் கடந்தும் அதற்குப் பணம் கிடைத்தது. அந்தச் சொல்லுக்கு நேர்ந்த கதியைப் பாருங்கள். அனுமதி பெறாதவர் மூலம் அயல்நாட்டுப் பணம் மாற்றுவது 1999-ஆம் வருஷத்து அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்கீழ்க் குற்றம். சம்பந்தப்பட்ட தொகையின் மும்மடங்கு வரையில் தண்டம் விதிக்கலாம். நூற்றுக்கு இரண்டு வட்டத்தை மிச்சம் பிடிக்கப் போய் முந்நூறு கொடுக்கும் வியாபாரத்தை நம் பாட்டனார் எவரும் செய்திரார். அன்றியும் ரசீது இல்லாத மாற்றில் நோட்டு கள்ள நோட்டாயிருப்பினும், கொடுத்தவன் மறைந்துபோயினும், முறையிடுவதற்கு ஓர் இடமில்லை. அக்காலத்து உண்டியலுக்குப் பின்னே ஒரு பெயரும் ஒரு கிட்டங்கியும் இருந்தன. இக்காலத்து உண்டியலுக்குப் பின்னே ஒரு தொலைபேசி எண் மட்டுமே இருக்கின்றது. உறவினரே சொன்னாலும் இதற்கு உடன்படலாகாது.

மீந்த பணத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். மலாயாவிலும் பர்மாவிலும் ஜப்பானியர் அச்சிட்டு வழங்கிய நோட்டுகள் 1945-இல் வெறுங் காகிதமாயின; அவற்றைப் பெட்டி பெட்டியாக வைத்திருந்த குடும்பங்களின் கதையை நாம் கேட்டிருக்கின்றோம். அத்தகைய அழிவு நாள்தோறும் நிகழ்வதன்று. எனினும், அயல்நாட்டில் வாழும் நம் பிள்ளைகள் "அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஆகும்" என்று மேசையறையில் வைத்திருந்த 500, 1,000 ரூபாய் நோட்டுகள் 2016-ஆம் வருஷம் நவம்பரில் என்னவாயின என்பதை மறத்தற்கில்லை. ஊர் திரும்பியவர் மீந்த அயல் நோட்டை 180 நாட்களுக்குள் மாற்றிவிட வேண்டும் என்பது விதி. 2,000 டாலர் பெறுமானம் வரையில் வைத்துக்கொள்ளலாம். அடுத்த வருஷமே மீண்டும் செல்வோர் அந்த அளவை வைத்துக்கொண்டால் இரு முறை வட்டம் கொடுப்பது தப்பும். நாணயக் காசுகளை மாற்றுக் கடையார் வாங்கமாட்டார்; அவற்றைச் சிங்கப்பூரிலேயே கடைசி நாளின் காப்பிக்கும் பேருந்துக்கும் செலவிட்டு விடுக.

தைப்பூசத்துக்குச் செல்லும் அன்பர்கள் தாம் சென்னையிலும் சிராங்கூன் சாலையிலும் விமான நிலையத்திலும் கேட்டறிந்த விலைகளை, தேதியோடும் அன்றைய நடுவிலையோடும், ஒரு தாளிற் குறித்துச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புவார்களாயின், அவற்றைத் தொகுத்துப் பங்குனி மாதப் பத்திரிகையில் வெளியிடுவோம்.