டீசல் அழுத்த சென்சாரை மாற்றும்போது

(சேந்தமங்கலத்தில் உழவர்களிடையே ஆற்றிய உரை)



மரவள்ளிக்கிழங்கை ஆலைக்கு ஏற்றிச் செல்லும் நேரத்தில் வண்டி இழுக்காமல் நின்றுவிட்டால் அவசரம் வருவது இயல்பு. ஆனால் புதிய டீசல் எஞ்சினில் அவசரப்பட்டு ஸ்பானர் வைக்கக்கூடாத இடம் ஒன்று உண்டு.

பழைய டிராக்டரில் காற்றுப் பிடித்தால் இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்தி, எஞ்சினைச் சுழலவிட்டுக் காற்று எடுப்பீர்கள். அங்கே டீசலின் அழுத்தம் சுமார் 200 கிலோ. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 விதிப்படியான டீசல் வண்டிகளிலும், 2023 சனவரியில் வந்த புகை விதிக்கு உட்பட்ட, 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களிலும் பெரும்பாலும் 'காமன் ரெயில்' முறைதான். எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் தரும் அந்த ஒரே குழாயில் 1,600 கிலோவும் அதற்கு மேலும் அழுத்தம் ஏறும். நீங்கள் மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயரில் 20, 30 கிலோதான்! பழைய பழக்கத்தில் இங்கே நட்டைத் தளர்த்தினால் டீசல் ஊசிபோல் தோலைத் துளைத்து உள்ளே பாயும்.

அந்தக் குழாயில் திருகப்பட்டிருப்பதே அழுத்த சென்சார். எச்சரிக்கை விளக்கு எரிந்தவுடன் அதன்மேல் பழி போடாதீர்கள். வடிகட்டி அடைப்பு, டீசலில் தண்ணீர், எலி கடித்த ஒயர் ஆகியவையும் அதே குறியைக் காட்டும். இவற்றைப் பார்த்து, பட்டறையில் ஸ்கேனர் வைத்த பிறகு முடிவு செய்யலாம். சில கம்பெனிகள் சென்சாரைத் தனியே தருவதில்லை, ரெயிலோடுதான் தருகின்றன. கேட்டுக்கொண்டு கழற்றுங்கள்.

எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடமாவது அழுத்தம் இறங்கட்டும்; கையேட்டில் கூடுதல் நேரம் சொல்லியிருந்தால் அதுவே சரி. பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும், பீடி ஆகாது. சுற்றியுள்ள மண்ணை நன்றாகத் துடைத்த பிறகே கழற்ற வேண்டும். ஒரு மணல் துகள் உள்ளே போனால் இன்ஜெக்டர் செலவு சென்சார் செலவை விழுங்கிவிடும். டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். உலோகத்தின்மேல் உலோகம் பதிந்தே இது அடைபடுகிறது. கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். அந்த ரெஞ்சு இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுப்பதை நான் ஒப்பமாட்டேன்.

பிறகு எஞ்சினை ஓடவிட்டுக் கசிவு பார்க்கும்போது கையால் தடவ வேண்டாம். நீளமான அட்டையைத் தள்ளி நின்று காட்டினால் டீசல் அதில் படும். கசிந்தால் நிறுத்தி, மறுபடி காத்திருந்துதான் ஸ்பானரைத் தொட வேண்டும்.

கையில் டீசல் பாய்ந்தால் முள் குத்தியதுபோல் சிறு புள்ளிதான் தெரியும். முதலில் வலியும் குறைவு. சில மணி நேரத்தில் உள்சதை கெடத் தொடங்கி, விரலையே எடுக்க நேரலாம். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டுக் காத்திராமல் உடனே நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். "அழுத்தத்தில் டீசல் உள்ளே பாய்ந்துவிட்டது" என்று மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.