பெரட்டுக் களமும் கணினி நிரலும்



தோட்டத்தில் வாழ்ந்த எவருக்கும் பெரட்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பால் மரம் வெட்டுவோர், செம்பனைக் குலை அறுப்போர், மருந்து அடிப்போர் எல்லாரும் விடியுமுன் அந்தக் களத்தில் கூடுவார்கள். வேலை பலவிதம், ஆனால் அனைவருக்கும் பொதுவான காரியம் ஒன்று உண்டு. செக்ரோலில் பேர் விழ வேண்டும். பேர் விழாவிட்டால் அன்றைய கூலி இல்லை.

அந்தப் பேரை அவரவர் நிரையில் நின்று அவரவரே எழுத வேண்டும் என்று வைத்தால் என்ன ஆகும்? ஒருவர் மறந்துவிடுவார்; மற்றொருவர் வேறு விதமாக எழுதுவார். எழுதும் முறை மாறினால் ஒவ்வொரு நிரைக்கும் போய்ச் சொல்ல வேண்டிவரும். ஆகவேதான் அந்தப் பொறுப்பைக் கிராணி ஒருவரிடம் ஒப்படைத்தார்கள்.

பெரிய நிறுவனங்களுக்குக் கணினி நிரல் எழுதுவோருக்கும் இதே சங்கடம் உண்டு. சம்பளக் கணக்கை எடுத்துக்கொள்வோம். சம்பளம் போடுவது ஒரு பகுதி; ஊழியர் சேமநிதிக்குப் பணம் பிடிப்பது மற்றொரு பகுதி; விடுப்பு எண்ணுவது இன்னொரு பகுதி. ஆனால், இந்த மாற்றத்தைச் செய்தவர் யார், எப்பொழுது செய்தார், அவருக்கு அனுமதி உண்டா என்ற கேள்விகள் எல்லாப் பகுதிக்கும் பொதுவானவை. அதற்கான வரிகளை ஒவ்வோர் இடத்திலும் திரும்பத் திரும்ப எழுதினால், எங்கேனும் ஓரிடத்தில் விட்டுப்போகும்.

இதற்கு வழி கண்டவர்கள் அமெரிக்காவில் பாலோ ஆல்டோ நகரிலிருந்த ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தினர். கிரெகோர் கிக்ஸாலஸ் என்பவரும் அவருடைய தோழர்களும் 1997-இல் பின்லாந்தில் நடந்த மாநாட்டில் இம்முறையை விளக்கினார்கள். ஆஸ்பெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங் என்பது அதன் பெயர். தமிழில் கூறுசார் நிரலாக்கம் எனலாம். அவர்கள் ஜாவா மொழிக்காக உருவாக்கியது ஆஸ்பெக்ட்ஜே. 2004-இல் முதற்பதிப்பாக வெளிவந்த ஸ்பிரிங் என்ற கட்டமைப்பு இம்முறையை நிறுவனங்களின் அன்றாட வேலைக்குக் கொண்டுவந்தது.

இதில் கற்க வேண்டிய சொற்கள் முக்கியமாக மூன்று. எந்த இடத்தில் பேர் பதிய வேண்டும் என்று குறிப்பது பாயிண்ட்கட். அந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது அட்வைஸ். இவ்விரண்டையும் நிரலோடு சேர்ப்பது வீவிங், அதாவது நெசவு. பாவு நூலுக்குக் குறுக்கே ஊடு நூல் ஓடுவதுபோல, பதிவு வேலை எல்லாப் பகுதிகளின் ஊடேயும் ஓடுகிறது.

ஆனால் நேயர்களே, இதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஸ்பிரிங் முறையில் பொதுவாக ஒரு பதிலாள் வாசலில் நிற்கிறான். வெளியிலிருந்து வரும் அழைப்பு அவனைக் கடந்தே உள்ளே போகும். ஒரு பகுதி தன்னுள்ளேயே இன்னொரு வேலையை அழைத்துக்கொண்டாலோ, அது அவன் கண்ணில் படாது. பெரட்டுக்கு வராமல் லயத்திலிருந்து நேரே மரத்துக்குப் போனவர் கதைதான். வேலை நடந்திருக்கும், செக்ரோலில் பேர் இராது. ஆஸ்பெக்ட்ஜே நிரலுக்குள்ளேயே நெய்துவிடுவதால், அங்கே இந்த ஓட்டை இல்லை.

இன்னொன்று: சம்பளப் பகுதியை மட்டும் படிப்பவருக்கு, வேறிடத்தில் எழுதிய அட்வைஸ் அங்கே வந்து வேலை செய்வது தெரியாது. ஆகவே எதைப் படித்தாலும், "இங்கே வேறு எது நுழைகிறது?" என்று கேட்கும் பழக்கம் வேண்டும்.

கற்கும் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். முதலில் ஜாவாவை நன்றாகப் படியுங்கள். பிறகு சம்பளம், சேமநிதி, விடுப்பு என்று மூன்று சிறு பகுதிகள் எழுதி, மூன்றிலும் பதிவு வரியைக் கையாலேயே எழுதுங்கள். அந்த வரியை மாற்றிப் பாருங்கள். மூன்று இடத்தில் மாற்ற வேண்டிய சிரமம் விளங்கும். அடுத்து அவற்றை நீக்கி, ஸ்பிரிங்கில் ஒரே ஆஸ்பெக்ட்டாக எழுதுங்கள். கடைசியாக ஒரு பகுதியைத் தன்னுள்ளேயே அழைக்க விட்டு, எந்தப் பதிவு விடுபடுகிறது என்று பாருங்கள். இதற்கு வேண்டிய கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. கணினி ஒன்றும் பொறுமையும் இருந்தால் போதும்.

கிள்ளான் வட்டாரத்துத் தோட்டக் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் கொம்யூட்டர் ரயிலேறி, பிரிக்பீல்ட்ஸை அடுத்த கேஎல் சென்ட்ரலில் இறங்கி, நிரல் எழுதும் வேலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எழுதும் நிரலில் யாரோ ஒரு தொழிலாளியின் சம்பளம் இருக்கும். மாதக் கடைசியில் அந்தத் தொழிலாளி சம்பளச் சீட்டைக் காட்டி, "இதை யார் பிடித்தது?" என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்லும் பதிவு அங்கே இருக்க வேண்டும். பேர் விழாத நாளின் வலி தெரிந்த நம் வீட்டுப் பிள்ளைகள் அதை மறக்கலாகாது.