பெரியப்பாவை யார் கேட்பது?

இன்றைக்கு நான் பேசப்போவதைக் கேட்டால் எங்கள் வீட்டிலேயே இரண்டு பேர் வானொலியை அணைத்துவிடுவார்கள். உங்களில் சிலருக்கும் கை பரபரக்கலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' என்று ஒரு கார்ட்டூன் தொடர். நீல மனிதர்கள் வரும் சினிமா இல்லை, இது வேறு. மைக்கேல் டான்டே டிமார்டினோ, பிரையன் கொனியட்ஸ்கோ என்ற இருவர் உருவாக்கியது. அமெரிக்காவின் நிக்கலோடியன் தொலைக்காட்சியில் 2005 முதல் 2008 வரை 61 பகுதிகளாக வந்தது. நெருப்பு நாடு உலகத்தையே பிடிக்கப் புறப்பட்டு நூறு வருஷமாகச் சண்டை நடக்கிறது. கதை தெரியாதவர்களுக்கு இது போதும்.

அதில் ஐரோ என்று ஒரு பெரியவர் வருகிறார். தொப்பை, நரைத்த தாடி, கையில் தேநீர்க் கோப்பை. அரசன் ஓசாய்க்கு அண்ணன். ஓசாய் பெற்ற மகன் முகத்திலேயே சூடு போட்டு நாட்டைவிட்டுத் துரத்துகிறான். அந்த மகன் சூக்கோவுக்குத் துணையாகக் கூடவே கிளம்பிவிடுகிறவர் இவர்தான். ஆங்கிலத்தில் அவன் இவரை 'அங்கிள்' என்கிறான். நம் முறைப்படி பெரியப்பா.

தொடரைப் பார்த்தவர்கள் யாரைக் கேட்டாலும் எனக்கு ஐரோதான் பிடிக்கும் என்பார்கள். எனக்கும் பிடிக்கும். ஆனாலும், அந்தத் தொடரில் கணக்குத் தீர்க்கப்படாமல் விடப்பட்ட கதை ஐரோவுடையதுதான் என்பது என் கட்சி.

இந்தத் தேநீர்ப் பெரியவர் முன்னாளில் யார்? மேற்கின் டிராகன் என்று பட்டம் பெற்ற தளபதி. நில நாட்டின் தலைநகரம் பா சிங் சே. அதை அவர் 600 நாள் முற்றுகையிட்டார். வெளி மதிலை உடைத்து உள்ளே போனார். போர்முனையிலிருந்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு கடிதமும் எழுதினார். ஊரை நாங்கள் எரித்துத் தீர்க்காமல் இருந்தால் நீங்களும் ஒரு நாள் வந்து பார்க்கலாம் என்று அதில் ஒரு வேடிக்கை. அதைப் படித்துவிட்டு அரண்மனையில் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சரணடைந்த தளபதியின் கத்தியை சூக்கோவுக்குப் பரிசாகவும் அனுப்பியிருந்தார்.

அந்தப் போரில் அவருடைய ஒரே மகன் லூ டென் செத்துப்போகிறான். ஐரோ முற்றுகையைக் கைவிட்டுத் திரும்புகிறார். அதற்குப் பிறகுதான் நாம் பார்க்கும் அந்தக் கனிந்த மனிதர்.

இரண்டாம் பாகத்தில் பா சிங் சே கதைகள் என்று ஒரு பகுதி உண்டு. அகதியாக அதே ஊரில் ஒளிந்திருக்கும் ஐரோ, அழுகிற குழந்தையைப் பாட்டுப் பாடித் தேற்றுகிறார். வழிப்பறிக்கு வந்த வாலிபனை உட்காரவைத்துப் புத்தி சொல்கிறார். சாயங்காலம் ஒரு குன்றின்மேல் மகன் படத்தை வைத்துப் பத்தி கொளுத்தி அதே பாட்டைப் பாடுகிறார், குரல் உடைகிறது. ஐரோவுக்குக் குரல் கொடுத்த மாக்கோ 2006 ஜூலையில் காலமானார். அந்தக் காட்சி அவருக்கே காணிக்கையாக முடியும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குக் கண் கலங்கும்.

கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் உறுத்துகிறது. அந்தக் குன்றிலிருந்து பார்த்தால் கீழே தெரிவது எந்த ஊர்? அவர் 600 நாள் வளைத்துக்கொண்டு நின்ற ஊர். அங்கே மதிலில் நின்ற பிள்ளைகளுக்கும் யாராவது படம் வைத்திருப்பார்களே! அப்படி ஒரு வீடுகூட அந்த அத்தியாயத்தில் இல்லை. புத்திர சோகம் பெரியதுதான். ஆனால் அது ஒரு வீட்டுச் சோகமாகவே நின்றுவிடுகிறது.

ஊருக்குள் ஒருவன் மட்டும் கேட்டான். ஜெட். பெற்றோரை நெருப்பு நாட்டுப் படையிடம் பறிகொடுத்தவன். ஆறிப்போன தேநீரை ஐரோ கையாலேயே சூடாக்கியதைக் கவனித்துவிட்டு, இவர்கள் நெருப்பு நாட்டார் என்று ஐரோ வேலை பார்க்கும் தேநீர்க் கடைக்குள் புகுந்து கத்துகிறான். அவன் சொன்னது முழு உண்மை. ஆனால் கடையில் இருந்த ஒருவர், ஊரிலேயே நல்ல தேநீர் போடுகிறவர்மேல் இந்தப் பைத்தியம் பாய்கிறான் என்கிறார். ஐரோ அந்தப் பாராட்டில் பூரித்துப்போகிறார். ரகசியப் போலீஸ் ஜெட்டை இழுத்துக்கொண்டு போய் ஏரிக்கடியில் வைத்து மூளைச்சலவை செய்கிறது. பிறகு அங்கேயே சாகும்படி அடிபடுகிறான். ஜெட் ஒன்றும் உத்தமன் இல்லை, முதல் பாகத்தில் ஒரு கிராமத்தையே வெள்ளத்தில் மூழ்கடிக்கப் பார்த்தவன். அதற்காக அவன் கண்டது பொய்யாகிவிடுமா? அவன் என்ன ஆனான் என்று ஐரோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. கதையும் அவரைக் கேட்கவைக்கவில்லை.

இதே கதை சூக்கோவை இப்படி விட்டதா? விடவில்லை. தான் துரத்தித் துரத்திப் பிடிக்கப் பார்த்தவர்களிடமே போய் நின்று, கொலையாளியை அனுப்பியதும் நான்தான் என்று அவன் வாயாலேயே சொல்லவேண்டியிருந்தது. அவர்களில் ஒருத்தியான கட்டாரா அப்போதும் நம்பவில்லை. அவள் தாயைக் கொன்றவனைத் தேடி அவளோடு அலைந்த பிறகுதான் மன்னிப்பு. கடைசியில் பெரியப்பா முன்னாலும் அழுகிறான், அவர் வாரி அணைத்துக்கொள்கிறார். பதினாறு வயதுப் பையனுக்கு அத்தனை வாசற்படி. பெரியப்பாவுக்கு ஒரு வாசற்படியும் இல்லை. நம் வீடுகளிலும் பெரியப்பாவை நிற்கவைத்துக் கேட்க யாருக்கு வாய் வரும்?

இடையில் நெருப்பு நாட்டின் கைக்குப் போன பா சிங் சேயை அவர்தான் கடைசியில் மீட்டுக் கொடுத்தாரே என்பீர்கள். உண்மை. முதிய நண்பர்களோடு போய் நெருப்பு நாட்டுக் கொடியை எரித்து இறக்கினார். அரியணையும் வேண்டாம் என்றார். ஆனால் மீட்கப் போகும்போது என்ன சொல்கிறார்? பா சிங் சேயைப் பிடிப்பேன் என்று சிறுவயதில் கண்ட காட்சிக்கு இப்போதுதான் அர்த்தம் புரிகிறதாம், விடுவிப்பதுதான் தன் விதியாம். அப்போதும் அந்த ஊர் அவர் கனவுக்கு மேடைதான்.

இங்கே எனக்கு அசோகன் ஞாபகம் வருகிறான். கலிங்கத்தில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் நாடு கடத்தப்பட்டார்கள் என்று 13-ஆம் பாறைக் கல்வெட்டில் எண்ணிக்கையோடு எழுதி வருந்தினான். எதிரியின் சாவை எண்ணினானே, ஐரோவைவிட மேல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் கலிங்கத்திலேயே, தௌலியிலும் ஜௌகடாவிலும் உள்ள பாறைகளில் அந்தக் கல்வெட்டு இல்லை. அதற்குப் பதில் வேறு கட்டளைகள். அடிபட்டவன் வாசலில் நின்று சொல்வது அசோகனுக்கே கஷ்டமாக இருந்திருக்கிறது.

தொடரின் கடைசிக் காட்சி பா சிங் சேயில்தான், ஐரோவின் தேநீர்க் கடையில். போர் முடிந்துவிட்டது. சூக்கோ எல்லோருக்கும் தேநீர் கொடுக்கிறான், பெரியப்பா வாத்தியம் வாசிக்கிறார், நண்பன் சொக்கா எல்லோரையும் படம் வரைந்து கேலி வாங்கிக்கொள்கிறான். மாலை வெயில், மாடத்தில் ஒரு முத்தம். கடையில் இருக்கிற முகங்களை நான் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்திருக்கிறேன். பா சிங் சே ஊர்க்காரர் ஒருவரும் இல்லை.