பழைய டிஸ்கைக் கழற்றுமுன்

(சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"அண்ணே, பிளேஸ்டேஷன்ல ஹார்ட் டிஸ்க் மாத்துறது எப்படின்னு பேசுங்க" என்று நம் சங்கத்துப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். விளையாட்டுச் சாமானுக்கு ஒரு மேடையா என்று பெரியவர்கள் நினைக்கலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். இதில் நம் கதையும் இருக்கிறது.

நான் யாங்கோனில், பபேடானில் பிறந்து வளர்ந்தவன். 1871இல் நம் தமிழர்கள் கட்டிய காளி கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு. எனக்கும் தம்பிக்கும் சேர்த்து ஒரு பி.எஸ்.4 இருந்தது, உள்ளே 500 ஜி.பி. டிஸ்க். தம்பி ஒரு கால்பந்து ஆட்டத்தில் மூன்று வருடமாக ஒரு டீமை வளர்த்தான். ஆட்டக்காரர்களுக்கெல்லாம் எங்கள் தெருப் பையன்களின் பெயர். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் அந்தப் பையன்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்ததும் தம்பியும் எல்லை தாண்டினான். "அண்ணே, என் டீமை அழிச்சிடாதே" என்றுதான் சொல்லிவிட்டுப் போனான்.

அவன் போன சில மாதத்தில் டிஸ்க் 'டக் டக்' என்று சத்தம் போட ஆரம்பித்தது. மாற்றியே ஆகவேண்டும்.

பெரியப்பா குடும்பம் 1964இல், கடைகளை அரசு எடுத்துக்கொண்டபோது, கப்பலேறிச் சென்னைக்குப் போனது. அப்படிப் போனவர்கள் 1969இல் உண்டாக்கியதுதான் பாரிமுனை பர்மா பஜார். அங்கிருந்து பெரியப்பா பேரன் 4 டி.பி. டிஸ்க் ஒன்று வாங்கி, வந்தவர் கையில் கொடுத்துவிட்டான். அது உள்ளே போகவில்லை! அதன் தடிமன் 15 மில்லிமீட்டர். பி.எஸ்.4க்கு வேண்டியது இரண்டரை அங்குல சாட்டா டிஸ்க், தடிமன் 9.5 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. பிறகு 1 டி.பி. வந்தது, சரியாக இருந்தது.

இப்போது வேலைக்கு வருவோம். கேமைத் திரும்ப இறக்கிக்கொள்ளலாம். சேவ் பண்ணினது போனால் போனதுதான். அதனால் முதல் வேலை, செட்டிங்ஸில் சேவ்டு டேட்டா பகுதிக்குப் போய் அதைப் பென் டிரைவில் காப்பி எடுப்பது. பென் டிரைவ் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் ஆகியிருக்கவேண்டும். ட்ராஃபிகளையும் இன்டர்நெட்டில் சிங்க் பண்ணிவிடுங்கள்.

அடுத்து, இன்னொரு பென் டிரைவில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் பி.எஸ்.4 என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் அப்டேட் என்று ஒரு ஃபோல்டர். அதில் சோனி தரும் சிஸ்டம் சாஃப்ட்வேரை வையுங்கள். சாதாரண அப்டேட் ஃபைல் போதாது, முழு இன்ஸ்டலேஷன் ஃபைல் வேண்டும்.

பிறகு மெஷினை முழுதாக அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள். 2013இல் வந்த முதல் மாடலில் மேலே உள்ள பளபளப்பான மூடியை ஓரமாகத் தள்ளினால் கழன்றுவரும். முக்கோணம், வட்டம் எல்லாம் பொறித்த ஒரே திருகாணி. அதைக் கழற்றினால் டிஸ்க் சட்டத்தோடு வரும். சட்டத்தில் நான்கு திருகாணி. ஸ்லிம், புரோ மாடல்களில் டிஸ்க் பின்பக்கம் இருக்கும். புது டிஸ்கை மாட்டி, பவர் பட்டனை இரண்டாவது 'பீப்' வரும்வரை அழுத்தினால் சேஃப் மோட் வரும். கன்ட்ரோலரை ஒயரில் இணைத்து சாஃப்ட்வேரை ஏற்றலாம். எங்கள் தெருவில் கரண்ட் முறைவைத்து வரும், ஆகவே பேட்டரி இன்வெர்ட்டரில் போட்டுச் செய்தேன்.

எல்லாம் முடிந்தது. பென் டிரைவைப் போட்டுப் பார்க்கிறேன், தம்பியின் டீம் இல்லை! என்னுடைய சேவ்தான் இருந்தது. காப்பி எடுக்கும்போது என் பெயரில் உள்ளே போயிருந்தேன். அவரவர் சேவ் அவரவர் கணக்கில்தான் இருக்கும் என்பது எனக்கு உறைக்கவில்லை. கை நடுங்கிப்போச்சு.

நல்லகாலம், பழைய டிஸ்கை அழிக்கவில்லை. அந்த டிஸ்க் வேறு மெஷினிலும் கம்ப்யூட்டரிலும் திறக்காது. அதே மெஷினில் மட்டும்தான். திரும்ப மாட்டினேன். சத்தம் போட்டுக்கொண்டே ஓடியது. தம்பி பெயரில் போய்க் காப்பி எடுத்து, பென் டிரைவில் இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தபிறகுதான் கழற்றினேன்.

கடைசியில் நானும் கிளம்பவேண்டி வந்தது. மெஷினைத் தூக்கிவர முடியவில்லை. பென் டிரைவ் சட்டைப் பையில் வந்தது. இங்கே ஒரு பழைய பி.எஸ்.4 வாங்கினேன். தம்பி போனில் பாஸ்வேர்டு சொல்ல, அவன் கணக்கில் நுழைந்து காப்பியை ஏற்றினேன். திரையைப் போனில் காட்டினேன். பதினொரு பெயரையும் அவன் ஒவ்வொன்றாக வாசித்தான். அதில் மூன்று பேர் எங்கே இருக்கிறார்கள் என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது.

ஆகவே பிள்ளைகளே, காப்பி எடுங்கள். யார் பெயரில் எடுக்கிறோம் என்று பாருங்கள். எடுத்ததைத் திறந்து பாருங்கள். புதியது நன்றாக ஓடும்வரை பழையதை அழிக்காதீர்கள். பெரியவர்களே, உங்கள் வீட்டுப் பழைய போட்டோவுக்கும் பத்திரத்துக்கும் இதே கணக்குத்தான்.