நிலவு பார்த்து நாள் குறித்தவர்கள்



பினாங்கில் உங்கள் சங்க மேடையில் காதலைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் முன்வரிசைப் பெரியவர்கள் சிரிக்கிறார்கள். பயப்பட வேண்டாம், பஞ்சாங்கத்தில் ஏறிவிட்ட காதலைப் பற்றி மட்டும்தான் பேசுவேன்.

சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் நாள், சாப் கோ மே. எஸ்பிளனேட் கடற்கரையில் பெண்கள் நல்ல கணவன் வேண்டி ஆரஞ்சுப் பழங்களைக் கடலில் வீசுவதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். 2024-இல் அந்த நாள் பிப்ரவரி 24. சென்னைப் பக்கம் எங்கள் ஊரான பாலவாக்கத்தில் அன்றுதான் மாசி மகம்.

பாலவாக்கத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சுமார் 40 கிலோமீட்டர் போனால் மாமல்லபுரம். செங்கல் சூளை, அரிசி ஆலை, வயல் வேலை என்று பல ஊர்களில் சிதறிக் கிடக்கும் இருளர் மக்கள் மாசி மகத்துக்கு அங்கே கூடுகிறார்கள். கொம்பு நட்டு, பழைய சேலைகளைக் கட்டி, மணலிலேயே குடில் போட்டுத் தங்குகிறார்கள். ஈர மணலைக் குவித்துப் படியாக்கி, பூவும் பழமும் வைத்துக் கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள். பெண் பார்ப்பது, பேசி முடிப்பது, விடியலில் தாலி கட்டுவது எல்லாம் அந்த மணலில்தான். இங்கே ஆரஞ்சு மிதந்த அதே பௌர்ணமியில் அங்கே மாலை மாறியது.

இது ஏதோ ஓர் ஆண்டு தற்செயலாக அமைந்ததன்று. சீனரின் முதல் மாதப் பௌர்ணமி பெரும்பாலும் நம் தைப்பூசத்தை ஒட்டியோ மாசி மகத்தை ஒட்டியோதான் விழும். 2025-இல் தைப்பூசம் பிப்ரவரி 11, சாப் கோ மே மறுநாள். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் தேருக்குச் சீனர்களும் சேர்ந்து தேங்காய் உடைக்கும் ஊர் இது.

சீனரின் ஏழாம் மாத ஏழாம் நாள் விழாவையும் பாருங்கள். வானுலக நெசவுக்காரியும் மாடு மேய்க்கும் இளைஞனும் காதலித்து மணந்தார்கள். வானத்து ஆறு அவர்களைப் பிரித்தது. ஆண்டுக்கு ஒரு நாள் பறவைக் கூட்டம் பாலமாக நின்று அவர்களைச் சேர்த்துவைக்கிறது. எங்கள் மயிலாப்பூரிலும் பிரிவு உண்டு, பறவையும் உண்டு. ஆடும் மயிலில் மனம் போனதால் சாபம் பெற்ற உமையம்மை, மயிலாகவே புன்னை மரத்தடியில் ஈசனைப் பூசித்தாள். பங்குனிப் பெருவிழாவின் நிறைவில் கபாலீசுவரர் கோயிலில் அந்தப் பூசையையும், அடுத்துத் திருக்கல்யாணத்தையும் காணலாம்.

அந்தச் சீனக் காதலர்கள் வானில் இரண்டு விண்மீன்கள். நெசவுக்காரி நம் அபிஜித், மாடு மேய்ப்பவன் நம் திருவோணம். நடுவே ஓடுவது ஆகாய கங்கை. அபிஜித் ரோகிணியின் தங்கை, மூத்தவள் என்ற தகுதி வேண்டித் தவம் செய்யப் போனவள் என்கிறது மகாபாரதம். 27 நட்சத்திரக் கணக்கில் இன்று அவளுக்கு இடமில்லை. ஆனாலும் வானத்தில் அவள் பளிச்சென்றுதான் இருக்கிறாள்.

இவ்வளவும் சொல்ல வந்தது ஒரு காரியத்துக்காக. ஜப்பான் 1873-இல் ஆங்கிலத் தேதிக்கு மாறியது. அங்கேயும் கொண்டாடப்படும் அந்தக் காதலர் விழா பல ஊர்களில் ஜூலை 7-க்குப் போய்விட்டது. அது அங்கே மழைக்காலம். மூங்கிலில் வேண்டுதல் சீட்டுகளைக் கட்டிவிட்டு அண்ணாந்து பார்த்தால் பல ஆண்டுகள் மேகம்தான். செண்டாய் நகரம் விழாவை ஆகஸ்டு 6 முதல் 8 வரை வைத்துக்கொண்டு, பழைய பருவத்தை ஓரளவு காப்பாற்றியது.

நாமும் பங்குனி உத்திரம் போன்ற விழாக்களை மண்டபம் கிடைக்கும் சனிக்கிழமைக்குத் தள்ளுகிறோம். வேலைக்குப் போகிறவர்களுக்கு வேறு வழியில்லை, குறை சொல்லமாட்டேன். விருந்து சனிக்கிழமையே இருக்கட்டும். உரிய நாளன்று மாலை அரைமணி நேரம் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய் நிலாவைக் காட்டுங்கள். ஆகஸ்டு நடுவில் இரவு பத்து மணி வாக்கில் வடக்கே அபிஜித்தும், உச்சிக்குச் சற்றுக் கிழக்கே திருவோணமும் தெரியும். பக்கத்து வீட்டுச் சீனப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள், அவர்கள் கதையை அவர்களே சொல்லட்டும்.

சங்கத்துக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு நாட்காட்டி அச்சிடும்போது, மண்டபத்தில் விழா நடக்கும் தேதிக்குக் கீழே அந்தப் பண்டிகைக்குரிய திதியையும் நட்சத்திரத்தையும் சேர்த்து அச்சிடுங்கள். ஒரு வரி போதும்.