சேதாரம் எவ்வளவு?

நடுவர் அவர்களே! வாடகை வீட்டில் அதிகம் நொந்துபோவது வீட்டுக்காரர்தான் என்று எதிரணிச் சகோதரி உருகினார். ‘பெற்ற பிள்ளை மாதிரி வீட்டை ஒப்படைக்கிறோம்’ என்றார். அம்மா, பிள்ளை ஒன்பது வருஷம் வளராமலா இருக்கும்? (சிரிப்பு)

நான் சென்னையில் 2012-இல் குடிபோன வீடு. வாடகை 12,000. அட்வான்ஸ் பத்து மாதம், 1,20,000. 1960-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றது. அதைச் சொல்லியிருந்தால் எனக்கு வீடு கிடைத்திருக்காது, அதனால் சொல்லவில்லை.

2021-இல் காலி செய்கிறேன். லாரி வாசலில் நிற்கிறது. புது வீட்டுக்காரர் சாயங்காலத்துக்குள் முன்பணம் கேட்கிறார். என் வீட்டுக்காரர் வந்தார். நான் வகுப்பில் அகம், புறம் நடத்துகிறவன். அவர் அகச்சுவர், புறச்சுவர் இரண்டையும் நடத்தினார்!

‘புரொபசர் சார், இதைக் கொஞ்சம் பாருங்க’ என்று ஒரு சீட்டை நீட்டினார். வெள்ளையடிக்க 28,000. கதவுகளுக்குப் பெயின்ட் 6,000. குளியலறைக் குழாய் மாற்ற 4,200. ஜன்னல் கண்ணாடி 1,500. ஆணி ஓட்டை 23, ஒன்றுக்கு நூறு வீதம் 2,300. ஆக 42,000. நகைக்கடைக்காரர்கூட சேதாரத்தை வாங்கும்போதே சொல்லிவிடுகிறார் ஐயா. இவர் போகும்போது சொல்கிறார்! (கைத்தட்டல்)

நான் தொண்டையைக் கனைத்தேன். என் மனைவி, ‘நீங்க சும்மா இருங்க’ என்று ஒரு பழைய நோட்டை எடுத்து வந்தாள். குடிவந்த அன்றே எழுதியிருக்கிறாள்: ‘குளியலறைக் குழாய் துரு, ஹால் சுவரில் ஈரம்.’ கீழே வீட்டுக்காரர் கையெழுத்து. முப்பது வருஷம் மேடையில் பேசுகிறேன், அந்த நோட்டு மாதிரி ஒரு நாளும் பேசியதில்லை.

அப்புறம் நான் சட்டம் சொன்னேன். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுப் புது வாடகைச் சட்டத்தில், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், வெள்ளையடிப்பதும், கதவு ஜன்னலுக்குப் பெயின்டும், குழாய் மாற்றுவதும் வீட்டுக்காரர் பொறுப்பு. எங்கள் ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. கண்ணாடி குடியிருப்பவர் பொறுப்பு. புழங்கினால் வருகிற தேய்மானம் வேறு, நாம் உடைப்பது வேறு. கண்ணாடியை உடைத்தது என் மகன் பந்து. ஆணிகளில் பாதி எனக்குப் போட்ட பொன்னாடைப் படங்களுக்காக நான் அடித்தது. அந்த 3,800-ஐ நியாயமாகப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அவரும் கெட்டவர் இல்லை. பத்து மாதப் பணத்தை என்றைக்கோ மகள் கல்யாணத்தில் செலவழித்துவிட்டார். ‘கையில இல்ல சார்’ என்று மெல்லச் சொன்னார் பாருங்கள், அங்கேதான் எனக்கு உண்மையான சீட்டே புரிந்தது. புது வீட்டுக்கு மைத்துனரிடம் கைமாற்று வாங்கினேன். காலி செய்த ஒரு மாதத்துக்குள் முன்பணத்தைத் தர வேண்டும் என்கிறது அதே சட்டம். அவர் இரண்டு தவணையாக, மூன்றாம் மாதம் முடித்தார். வந்தது 1,10,200. கதவு பெயின்ட் 6,000-ஐ மட்டும் விட மனசு வரவில்லை.

நடுவர் மணியடிக்கிறார், முடித்துவிடுகிறேன். போன வாரம் அந்தத் தெரு வழியாகப் போனேன். கதவுகளுக்கு இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை.