மாற்று வேலைக்கு முன் ஒரு கணக்கு



நம் தோட்டங்களில் பிறந்து, தோட்டப் பள்ளியில் எழுத்துப் படித்து, இன்று தாதியராகப் பணிபுரியும் பெண்மக்கள் பலர். விடியற்காலையில் பிரட்டுக்கு நின்றவர்களும், பால்மரம் வெட்டியவர்களும், செம்பனைக் குலை சுமந்தவர்களும் தம் மகளை 'மிசி' என்று ஊரார் அழைக்கும்போது அடையும் பெருமை கொஞ்சமல்ல. அந்தப் பெருமையோடு இப்போது ஒரு கேள்வியும் சில வீடுகளுக்குள் வந்திருக்கிறது. "அரசாங்க மருத்துவமனையை விட்டுவிட்டுத் தனியார் மருத்துவமனைக்குப் போகலாமா?" என்று மகள் கேட்கிறாள்.

இதைக் கேட்டதும் வீட்டில் இரண்டு குரல்கள் எழும். "கவர்மெண்டு வேலையை யாராவது விடுவார்களா?" என்று ஒரு குரல். "கூடச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றால் உடனே போ, கடனை அடைக்கலாம்" என்று மற்றொரு குரல். இரண்டுமே பாசத்தில் வரும் பேச்சுதான். ஆனால் இரண்டிலும் கணக்கு இல்லை. இன்று அந்தக் கணக்கை நாம் சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.

முதலில், மகள் ஏன் இப்படிக் கேட்கிறாள் என்று விளங்கிக்கொள்ள வேண்டும். அரசாங்க மருத்துவமனையின் வார்டில் பொதுவாகக் காலை 7 முதல் 2 வரை, பகல் 2 முதல் இரவு 9 வரை, இரவு 9 முதல் மறுநாள் காலை 7 வரை என்று வேலை சுழன்று வரும். நோயாளிகள் அதிகம், கைகள் குறைவு. வீட்டில் கைக்குழந்தை இருக்கலாம். கணவருக்கு வேறு ஊரில் வேலை இருக்கலாம். ஆகவே அவள் கேட்பதைச் சோம்பல் என்றோ பேராசை என்றோ நாம் முடிவுகட்டக் கூடாது. அதேபோல், தனியார் இடத்தில் இராவேலை இருக்காது என்று எண்ணுவதும் தவறு. நோயாளி படுத்திருக்கும் இடமெல்லாம் இரவும் பகலும் தாதியர் வேண்டும்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கும் ஒரு தாதியை எடுத்துக்கொள்வோம். அவர் 22 வயதில் வேலையில் சேர்ந்தார்; இப்போது வயது 38. அடிப்படைச் சம்பளம் 3,000 வெள்ளி. தனியார் மருத்துவமனை 3,600 வெள்ளி தருவதாகச் சொல்கிறது. கணக்குக்காக இந்தத் தொகைகள் மாறாமல் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

600 வெள்ளி கூடுதல் என்று மனம் துள்ளும். ஆனால் ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவரின் சம்பளத்தில் இ.பி.எப். பிடித்தம் இல்லை. தனியார் வேலையில் 100-க்கு 11 வெள்ளி பிடிப்பார்கள். 3,600-இல் 396 வெள்ளி போய்விட்டால் கையில் வருவது 3,204. சொக்சோ முதலிய சிறு பிடித்தங்களும் உண்டு. ஆக, கையில் கூடுவது ஏறக்குறைய 200 வெள்ளி. அரசாங்கம் கொடுக்கும் வீட்டுப்படி, வாழ்க்கைச் செலவுப்படி முதலியவற்றையும் சேர்த்துப் பார்த்தால் அதுவும் குறையலாம். முதலாளி தம் பங்காக 100-க்கு 13 வீதம், அதாவது 468 வெள்ளி, இ.பி.எப்.பில் கட்டுவார் என்பதையும் மறக்கக் கூடாது. அது மகளின் நல்ல சேமிப்பு.

இப்போது மறுபக்கம். 1980-ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டப்படி, வேலையை ராஜினாமா செய்தவருக்கு ஓய்வூதியமும் இல்லை, பணிக்கொடையும் இல்லை. பதினாறு ஆண்டு உழைப்பானாலும் அப்படித்தான். விருப்ப ஓய்வு என்பது வேறு. 40 வயதாகி, கணக்கில் சேரும் சேவை குறைந்தது 10 ஆண்டு இருந்தால் அதற்கு விண்ணப்பிக்கலாம். இரண்டிலும் வேலையை விட்டுத்தான் வருகிறோம். ஆனால் எழுதிக் கொடுக்கும் கடிதம் வேறு. கிடைக்கும் பலனும் வேறு.

நம் தாதி இன்னும் இரண்டு ஆண்டு பொறுத்து, 40 வயதில் விருப்ப ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சேவை 18 ஆண்டு, அதாவது 216 மாதம். மாதக் கணக்கை 600-ஆல் வகுத்துக் கடைசிச் சம்பளத்தால் பெருக்கினால் மாத ஓய்வூதியம் வரும். உச்சவரம்பு, சம்பளத்தில் ஐந்தில் மூன்று பங்கு. இவருக்கு வருவது மாதம் 1,080 வெள்ளி. பணிக்கொடை, மாதத்திற்குச் சம்பளத்தில் ஏழரை விழுக்காடு வீதம், 48,600 வெள்ளி. விருப்ப ஓய்வு பெற்றவருக்கு மாத ஓய்வூதியம் அன்றே தொடங்காமல், பிற்பட்ட ஒரு வயதில் தொடங்கக்கூடும். எந்த வயது என்பது வேலையில் சேர்ந்த நாளைப் பொறுத்தது. அதை மருத்துவமனை நிர்வாகப் பிரிவில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

38 வயதிலேயே ராஜினாமா செய்தால்? அந்த இரண்டு ஆண்டில் கூடுதல் சம்பளம் 14,400; முதலாளியின் இ.பி.எப். பங்கு 11,232, ஆக மொத்தம் 25,632 வெள்ளி. அதற்காக விட்டுக்கொடுப்பது 48,600 வெள்ளியையும், ஆயுள் முழுவதும் வரக்கூடிய மாத ஓய்வூதியத்தையும். எது பெரியது என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாருக்கும் இதே கணக்கு பொருந்தாது. அரசாங்கத்தில் இருந்துகொண்டே இ.பி.எப். திட்டத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் உண்டு. ஒப்பந்த முறையில் வேலை செய்கிறவர்கள் உண்டு. 2024 பிப்ரவரி 1 முதல் புதிதாக நியமனம் பெறுவோருக்கும் பொதுவாகப் பழைய ஓய்வூதியத் திட்டம் இல்லை. இவர்களுக்கு இழக்க ஓய்வூதியம் இல்லாதபோது, நல்ல சம்பளமும் வீட்டுக்குப் பக்கமும் கிடைத்தால் மாறுவதில் தவறு என்ன? அவர்களை "கவர்மெண்டு, கவர்மெண்டு" என்று கட்டிப்போடுவதும் நியாயமல்ல.

இனி, கேட்க வேண்டிய கேள்விகள் சில.

ஒன்று: அரசாங்கச் செலவில் பயிற்சி பெற்றபோது கையெழுத்திட்ட ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டதா? பிறகு சிறப்புப் பயிற்சிக்குப் போயிருந்தால் அதற்கும் தனி ஒப்பந்தம் இருக்கலாம். முடியாவிட்டால் பணம் கட்ட நேரும்.

இரண்டு: அரசாங்க வீட்டுக் கடன் இருக்கிறதா? சம்பளத்தில் பிடிக்கப்படும் தவணையை இனி எப்படிக் கட்டுவது? தோட்ட வீட்டை ஒருநாள் காலி செய்ய வேண்டிய நமக்கு, மகளின் கடனில் வாங்கிய வீடுதான் நாளைய கூரை.

மூன்று: அரசாங்க ஊழியரின் பெற்றோருக்கும் அரசாங்க மருத்துவமனையில் சலுகை உண்டு. புதிய இடத்தின் மருத்துவக் காப்புறுதி மகளுக்கு மட்டுமா, பிள்ளைகளுக்கும் உண்டா, பெற்றோருக்கும் உண்டா?

நான்கு: புதிய ஒப்பந்தத்தில் வேலை நேரம், மிகைநேரச் சம்பளம், இராவேலைப் படி, தகுதிகாண் காலம் ஆகியவை எழுதப்பட்டிருக்கின்றனவா? தீபகற்ப மலேசியாவில் 2023 ஜனவரி 1 முதல், 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி வார வேலை நேரம் 45 மணிக்கு மேற்படக் கூடாது. மகப்பேற்று விடுப்பு 98 நாள். சேரும்போதே ரொக்கம் கொடுத்தால், அதற்கு ஈடாக எத்தனை ஆண்டு கட்டிப்போடுகிறார்கள் என்று படித்துப் பார்க்க வேண்டும்.

ஐந்து: போன பிறகு மனம் மாறினால் திரும்ப முடியுமா? அரசாங்க வேலைக்கு மறுபடி விண்ணப்பித்துப் புதிதாகத் தொடங்க நேரிடும். தாதியர் பதிவும் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் பணிச் சான்றிதழும் மட்டும் எங்கே போனாலும் கூடவே வரும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தம்பியின் கல்யாணக் கடனுக்காகவோ, காருக்கு முன்பணம் கட்டவோ மகளை அவசரப்படுத்தாதீர்கள். ஊரார் பேச்சுக்குப் பயந்து தடுக்கவும் செய்யாதீர்கள். ஓர் ஓய்வு நாளில் சம்பளச் சீட்டையும் நியமனக் கடிதத்தையும் மேசைமேல் வைத்து, குடும்பத்தோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். கணக்குத் தெரியவில்லை என்றால் பக்கத்துப் பள்ளி ஆசிரியரைக் கேளுங்கள். நாமும் அரசாங்கச் சம்பளக்காரர்கள்தாம், இந்தக் கணக்கு நமக்குப் பழக்கம். எல்லாம் தெரிந்த பிறகு முடிவை மகளிடமே விட்டுவிடுங்கள். இரவெல்லாம் விழித்து வார்டில் நிற்பது அவள் கால்கள்.

ராஜினாமாக் கடிதம் எழுத ஐந்து நிமிடம் போதும். அதற்கு முன் ஐந்து நாள் விசாரிப்பது வீண் போகாது.